சுண்டுவிரல்

முப்பத்து நான்காம் வாரம்.
கிளினிக் மிஸ்ஸி என் அட்டையில்
சிவப்பு மையால் எழுதினாள்:
தலை மேலே, கால் கீழே.

ஊரெல்லாம் பிள்ளைகளை
ஒழுங்காய் நில் என்று அதட்டும்.
நான் மட்டும் வயிற்றைத் தடவி
தலைகீழாய் நில்லடா என்று கெஞ்சினேன்.
கேட்கவில்லை. அப்பன் பிடிவாதம்.

லாபிஸ் ரயில் கேட்டைத் தாண்டி
டயர்க்கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
கோ சியூ லான் சின்சேயின் மருந்துக்கடை.
நாடி பிடித்தாள், நாக்கைப் பார்த்தாள்,
பிறகு வயிற்றை விட்டுவிட்டுச்
செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

காகிதம் சுற்றிய சுருட்டு மாதிரி ஒன்று.
உள்ளே இடித்துப் பஞ்சாக்கிய இலை.
பற்றவைத்து
சுண்டுவிரல் நகத்தின் வெளியோரம்
ஒரு விரற்கடை தள்ளி, தொடாமல் பிடித்தாள்.
"பானாஸ்?"
"பெலும்."
"பானாஸ்?"
"ம்."
அவளுக்கும் எனக்கும் நடுவே
அந்த ரெண்டு சொல் போதுமாயிருந்தது.

பத்து சுருட்டு கட்டிக் கொடுத்தாள்.
வீட்டுக்காரர் பிடிக்க வேண்டுமாம்.
இந்த வயிற்றைத் தாண்டி
என் கால் எனக்கே எட்டாது.

தனபாலனோடு நான் பேசி இருபத்து மூன்று நாள்.
தம்பியின் லாரிக்கு ஜாமீன் கையெழுத்து,
என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல்.

ராத்திரி குளித்துவிட்டு வந்து
காலடியில் உட்கார்ந்தான்.
முப்பதடிச் செம்பனையில்
நீளக் கம்பு நீட்டிக் குலை சாய்க்கிற கை.
அங்கே ஒரு சாண் தவறினாலும் பழம் விழும்.
இங்கே நூலளவு தவறினால் நான் கொப்பளிப்பேன்.
மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தான்.

புகை சன்னலைத் தாண்டிப் போனது.
மரிக்கொழுந்துக்குத் தூரத்துச் சொந்தமாம் அந்தச் செடி.
பக்கத்து வீட்டுப் பவானி அக்கா மூக்குக்கு
அது வேறு சொந்தம்.
"தனா, உள்ள என்னா ஊதுற? போலீஸ் வந்துரும்!"
அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.
ரெண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

"பானாஸ்?" என்றான்
மூன்று வாரம் கழித்து.
"பெலும்."
பழைய பால் மங்கில் சாம்பலைத் தட்டினான்.
அவ்வளவுதான் பேச்சு.
மறுநாளும் அதே.
அதற்கு மறுநாளும்.

ஒன்பதாம் ராத்திரி
சுருட்டு கட்டைவிரல் நீளத்துக்குக் குறைந்தபோது
வயிற்றுக்குள் எதுவோ
சேற்றுக் கெளுத்தி மாதிரி ஒரே புரளாய்ப் புரண்டு
விலாவிலிருந்து தொடைவரைக்கும் கலக்கிப்போட்டது.
தலையா, காலா, சும்மா விளையாட்டா,
திங்கட்கிழமை மிஸ்ஸி சொல்லட்டும்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
நெருப்பு மட்டும் நகத்தருகே
அசையாமல் சிவந்திருந்தது.

"லாரிக்கு இன்னும் எத்தனை மாசம் கட்டணும்?"
என்றேன்.

மாதத்தையும் தொகையையும் சேர்த்தே சொன்னான்.
சாம்பல் பாயில் விழுந்தது.

"சுடுது" என்றேன், தமிழில்.
காலை இழுத்துக்கொள்ளவில்லை.