தொண்ணூற்று நான்கு

மாதம் ஆயிரத்து நானூறு கூடக் கட்டி
நூறை முந்நூறாக்கியது செவ்வாய்க்கிழமை.
அன்று பின்னேரம் அளந்தேன்: தொண்ணூற்று நான்கு.
இரவு பத்துக்கு: தொண்ணூற்று நான்கு.
கோண்டாவில் முழுக்க நித்திரையாய்க் கிடந்த விடியப்புறமும்
விலை குறைக்காத மீன்காரர் போல
அதே இடத்தில் நின்றது முள்.

சூம் வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
"மிஸ், வாயைத் திறந்தபடி நிக்கிறியள்"
என்று சாட்டில் எழுதுகிறான் ஒருவன்.
பென்சீன் வளையத்தின் ஐந்தாவது பக்கத்தில்
என் கை உறைந்துவிட்டதாம்.
ஆறாவது பக்கம் வந்து சேர்வதற்குள்
பளைப் பிள்ளை ஒருத்தி எழும்பிப் போய்
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

கம்பனிக்கு எடுத்தேன்.
மூன்றை அழுத்தி, ஒன்றை அழுத்தி,
பிறகு ஒரு வயலின், பிறகு ஒரு பெடியன்.
"ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீங்களா அக்கா?"
பண்ணினேன்.
"எங்கட பக்கம் முந்நூறு வருது அக்கா."
அவன் பக்கம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

கெமிஸ்ற்றி படிப்பிக்கிறவள் நான்.
ஒருநேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று.
மீன்தொட்டிக்குப் பக்கத்திலிருந்து ரவுட்டரை விலக்கினேன்.
அலுமாரி மேலே ஏற்றினேன்.
ஐந்து ஜீ என்று முடிகிற மற்றப் பெயருக்கு மாறினேன்.
முக்கால் முழத் தடிப்புச் சுண்ணாம்புக்கல் சுவரைத் திட்டினேன்.
"நூறே காணும் எண்டு சொன்னனான்" என்றார் அருட்குமரன்;
அதுவும் செவ்வாயிலிருந்து மாறாத ஒரு வாசிப்பு.
கடைசியில் பக்கத்து வீட்டைச் சந்தேகித்து
கடவுச்சொல்லை மாற்றினேன்.
கால் மணித்தியாலத்தில் மதிலுக்கு மேலால் ஒரு தலை:
"அன்ரி, உங்கட நெற்றும் போயிட்டுதோ?"
வேகம், தொண்ணூற்று நான்கு.
புதுக் கடவுச்சொல்லையும்
மதிலுக்கு மேலால் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தவர் குருநகர் யூட் நிமலதாசன்.
சப்பாத்தை வாசலில் கழற்றினார்.
எதையும் அளக்கவில்லை.
சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே
ஒரு முழ நீளச் சாம்பல் வயரை உருவி
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"ரீச்சர், இதுக்குள்ள எட்டு நரம்பு. நாலுதான் உயிரோட."

நூறுக்கு நாலு போதுமாயிருந்திருக்கிறது.
முந்நூறு வீடு தேடி வந்து
இந்த ஒரு முழத்தின் வாசலில்
நாலு நாளாய் வரிசையில் நின்றிருக்கிறது.

வருடா வருடம் எழுதிப் போடுகிறேன்:
மிக மெதுவான படியே
முழுத் தாக்கத்தின் வீதத்தையும் தீர்மானிக்கும்.
அடியில் சிவப்புக் கோடும் கீறுவிப்பேன்.

புது வயர் அறுநூற்றைம்பது ரூபா.
முள் இருநூற்று எண்பத்தேழில் போய் ஆடியது.
யூட் சிரிக்கக்கூட இல்லை;
சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

பின்னேர வகுப்பு.
"இப்ப தெளிவோ?"
ஓம் மிஸ், ஓம், ஓம் மிஸ் என்று சாட் நிரம்பியது.
இரண்டு கணக்குத் தாண்டிய பிறகு
பிந்தி வந்து விழுந்தது ஒரு வரி:
"மிஸ் எனக்கு இன்னும் நிக்குது."
கிரிஷாளினி. ஒட்டுசுட்டான்.
அம்மாவின் போன், ஒரு கோடு சிக்னல்,
அதுவும் கிணற்றுக்கட்டில் ஏறி இருந்தால்.

அங்கே போய் எந்த வயரை உருவுவது?
கமராவை நிற்பாட்டினேன்.
வளையத்தை வாயால் கீறினேன்:
"மேல ஒரு மூலை. அதில இருந்து வலப்பக்கம், சரிவா கீழ.
எழுதிட்டியோ?"
நூற்றுப் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.
ஒருவன் கொட்டாவி விட்டது மைக்கில் கேட்டது.
"எழுதிட்டன்" வந்து சேரப்
பதினான்கு செக்கன்.

பழைய வயர் இப்போது கேற்றில்,
கொழுக்கி கழன்ற இடத்தில்.
செத்த நாலும் உயிருள்ள நாலும்
ஒன்றாய்த்தான் இழுத்துப் பிடிக்கின்றன.