எர்த்

“அமுக்கு” என்றேன்.
ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு
அவனிடம் நான் பேசிய முதல் சொல்.

ராயபுரம். ராத்திரி பதினொன்றே முக்கால்.
காலையில் எஃப்.சி.க்குப் போகவேண்டிய
அறுபத்தெட்டாம் வருடத்துப் பிக்கப்பின் பின்னால்
கோணிச்சாக்கு விரித்துக் குந்தியிருக்கிறேன்.
முன்சீட்டில் பெர்னார்டு.
ஒற்றை ஆளாகச் செய்யமுடியாத வேலை இது:
பிரேக்கை மிதிக்கிறவனுக்குப் பின்விளக்கு தெரியாது,
பார்க்கிறவளுக்குக் கால் எட்டாது.

“எரியுதா?”
“லெஃப்ட் எரியுது.”
“ரைட்டு?”
“இல்ல. ரைட் இண்டிகேட்டர் போடு.”
போட்டான்.
ரைட்டில் ஒன்றுமில்லை.
லெஃப்ட் பக்கத்து டெயில் லைட்
தூக்கம் கலைந்த கோழி மாதிரி
மெல்லக் கண்ணைத் திறந்து திறந்து மூடியது.

சீட்டு எடுத்த பணம்.
அடுப்படிக்கு மேல் ஒழுகுகிற ஷீட்டை மாற்ற
பதினெட்டு மாதம் நான் கட்டியது.
பெரம்பூரிலிருந்து இதை ஓட்டிவந்து
வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான்.
ஐஸ் லோடு அடிக்கலாம், ஆறே மாதம், என்றான்.
ஹாரன் மட்டும் நன்றாக இருந்தது.

மூன்று பல்பு மாற்றிப் பார்த்திருக்கிறான்.
மூன்றும் நல்ல பல்பு.
ஜி.பி. ரோட்டு வயர் கடையில்
ஒன்பது வருடம் மீட்டர் அளந்து வெட்டியவள் நான்.
கவுண்டருக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்குகள் பேசுவது
காதில் விழுந்துகொண்டே இருக்கும்.
பல்பு மேல பழி போடாதடா, என்பார் ஒருவர்
தினமும், யாரிடமாவது.

வயர்களுக்கு ஒரு காலத்தில் நிறம் இருந்திருக்கும்.
இப்போது எல்லாம் ஒரே டிகாஷன்.
டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பாடியில் கவ்வவிட்டு
ஊசியை ஹோல்டரில் வைத்தேன்.
இருட்டு.
கரண்டே வரவில்லை என்று எழுந்திருக்கவேண்டிய இடம் அது.
முழங்கால் வலி, எழவில்லை.
பேட்டரி மைனஸிலிருந்து நீள வயர் ஒன்றை
வண்டிக்கு அடியில் இழுத்து வந்து
கிளிப்பை அதில் மாட்டினேன்.

பளிச்.

இவ்வளவு நேரமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
திரும்பிப் போகத்தான் வழியில்லை.

“என்னவாம்?”
“எர்த் இல்ல.”
“அப்டின்னா?”
“வந்த கரண்ட் வூடு திரும்பணும்ல.
இங்க கதவு சாத்தியிருக்கு.
பக்கத்து வூட்ல பூந்து அந்த வழியா போவுது.
அதான் லெஃப்ட்ல மினுக்குது.”

முன்சீட்டில் சத்தமே இல்லை.
ஞாயிறு ராத்திரி அக்கா வீட்டில் படுத்துவிட்டு
திங்கள் மதியம் வந்தவன்.
“நான் லைட்டத்தான் சொன்னேன்” என்றேன்.

போல்ட் எங்கே என்று தேடவே அரைமணி நேரம்.
விற்றவன் பச்சைப் பெயின்ட்டை மூன்று கோட் அடித்திருந்தான்,
துருவுக்கு மேலே, போல்ட்டுக்கு மேலே,
செத்துப்போன ஒரு எறும்புக்கும் மேலே.
சுரண்டினேன். பச்சை போய் சிவப்பு வந்தது,
சிவப்பு போய் காசிமேட்டுக் காற்று தின்ற பொருக்கு,
அதுவும் உதிர்ந்து, எமரி தேய்ந்து,
ஒரு காலணா அகலத்துக்கு
இரும்பு வெள்ளையாகச் சிரித்தது.
புது லக், புது வாஷர். முறுக்கினேன்.

“அமுக்கு.”

எதிர் ரேஷன் கடை ஷட்டர் முழுக்கச் சிவப்பு.
கீழே சுருண்டிருந்த நாயும் சிவப்பு,
அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.
“எரியுதா?”
நான் பதில் சொல்லவில்லை.
என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கிரீஸும் பெயின்ட்டும், அதன் மேல் அந்த வெளிச்சமும்.
“ஏய், எரியுதா?”
“எரியுது. கால எடு, பேட்டரி எறங்கிடும்.”
எடுக்கவில்லை.
மாடியில் யாரோ ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள்.

நம்பர் பிளேட் விளக்கு பாக்கி.
அதற்கு எதையும் மிதிக்கவேண்டாம்,
சுவிட்சைப் போட்டுவிட்டு நடந்து வந்தால்
ஒரே ஆள் போதும்.

“எறங்காத” என்றேன்.
“இன்னொண்ணு இருக்கு.”