ஒட்டியும் ஒட்டாமலும்

தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை
நான் எங்கே இருப்பேன் என்று
மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவேன்.
ஔடெனார்டெ, ஆற்றங்கரைத் தெரு, இரண்டாம் மாடி.
அழைப்புமணி பழுது, கதவைத் தட்டவும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான்
வன்னெஸ் சமையலறையில் சட்டையில்லாமல் நிற்கிறான்.
புட்டியை ஒரு அழுத்து, இடது தோளுக்கு.
ஒரு அழுத்து, வலது தோளுக்கு.
பசை காயும்வரை கைகளை உடம்போடு சேர்க்காமல்
சிறகு உலர்த்தும் நீர்க்காகம் போல
ரொட்டி சுடும் கருவியைப் பார்த்துக்கொண்டு.

கென்ட் மருத்துவமனையில்
இரண்டு விரைகளையும் எடுத்துவிட்டார்கள்.
உடல் சுரக்காததை
இப்போது மருந்துச்சீட்டு சுரக்கிறது.
கூரைக்கு ஓடு மாற்றுகிறவன் அவன்.
ஏணி ஏறும் தெம்பு திரும்பியது,
சாவியைக் காணோம் என்று கத்துகிற குரல் திரும்பியது,
ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் முள்ளும்.

அதே பசை.
அவனுக்குத் தாடி.
எனக்கு நான்கு ஆண்டுத் தடை.

"தோலிலிருந்து தோலுக்குப் போகும்" என்றார் அணி மருத்துவர்,
சளியைப் பற்றிச் சொல்வதுபோல.
தனித் துண்டு. தனித் தலையணை உறை.
விதிவிலக்கு கேட்கலாமா என்றேன்.
விதிவிலக்கு நோயுள்ள வீராங்கனைக்கு.
நோயுள்ளவன் பந்தயத்தில் இல்லை,
பந்தயத்தில் இருப்பவளுக்கு நோயில்லை.
"கல்யாணத்துக்குப் படிவம் கிடையாது, லீசெலொட்"
என்று சிரித்தார். நல்ல மனிதர்தான்.

அதனால் எங்கள் வீட்டில்
அணைப்புக்கும் அட்டவணை உண்டு.
இரவு அவன் குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு,
கழுத்துப் பொத்தானையும் மாட்டி
விருந்துக்குப் போகிறவனாகப் படுக்கைக்கு வருவான்.
நான் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன், துணிக்கு மேலே.
எட்டு மாதத்தில்
அந்த முழங்கையை மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள், ஆறு ஐந்துக்குத் தட்டல்.
எப்போதும் நான்தான் திறப்பேன்.
வாயில் பல்துலக்கி.
அவன் திறந்துவிட்டான்.
சோதனை அதிகாரி ரைன்ஹில்டெ கை நீட்ட
அவனும் நீட்ட
குலுக்கிக்கொண்டார்கள், மரியாதையாக.
கழுவாத கை.

பிறகு அந்தக் கை ஒரு பேனாவை
என்னிடம் நீட்டியது.

இருபது ஆண்டு செவிலியாக இருந்தவர்;
பார்க்காததுபோல் பார்க்கத் தெரிந்தவர்.
என் சட்டை மார்புக்கு மேலே, கால்சட்டை முழங்காலுக்குக் கீழே,
கோப்பையில் தொண்ணூறு மில்லி விழும்வரை
குளியலறை ஓட்டில் உள்ள விரிசலைப் பற்றிப் பேசுவார்.
அவரிடம்
உங்கள் பேனா வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
அடுக்களைப் பென்சிலால் எழுதலாமா என்றேன்.
பென்சில் செல்லாது.
பேனாவைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
இரண்டுமுறை.
அவர் புருவம் உயர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகள்:
இரும்புச்சத்து மாத்திரை.
மூக்குச் சொட்டு.
தலைவலிக்கு ஒன்று, செவ்வாய்க்கிழமை.
இன்னும் நான்கு வரி காலியாக இருந்தது.
கணவன், என்று எழுதினேன்.
தோள்களில், தினமும்.

ரைன்ஹில்டெ வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"இது மருந்துகளுக்கான கட்டம்" என்றார்.
தெரியும் என்றேன்.
அடித்துவிடச் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
புட்டி மூடிகள் கட் கட் என்று பூட்டிக்கொண்டன,
ஒன்று எனக்காக, ஒன்று என்னை நம்பாததற்காக.

அவர் போன பிறகு வன்னெஸ்
கதவின் கைப்பிடியைத் துடைத்தான்.
மறுநாளும் துடைத்தான்.
குழாயையும், விளக்குப் பொத்தானையும்.
நிறுத்து என்று நான் கத்தினேன்.
அதை ஏன் கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

கடிதம் எதுவும் வரவில்லை.
வரவில்லை என்றால் நல்லது என்கிறார்கள்.

மார்ச். மழை. கல் பாவிய ஏற்றம்.
ஒன்பதாவதாக வந்தேன், பல்லிடுக்கில் சேறு.
வேலிக்கு அந்தப் பக்கம்
எல்லோரையும் யாராவது கட்டிக்கொண்டிருந்தார்கள்.
அவன் கையை நீட்டி
என் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டான்,
வாரின் நுனியை மட்டும் பிடித்து,
உள்ளே இன்னும் சூடு இருக்கிறதே என்றபடி.