பென்சில்

பலகையில் 'நல்லரெத்தினம் அன் சன்ஸ்'.
பிள்ளைகள் மூன்றும் பெண்கள்.
"வாய்க்கு நல்லா இரிக்கு மனே" என்பார் முதலாளி
ஆணி நிறுத்தபடி.

களுவாஞ்சிகுடிச் சந்தையில் இருந்து நாலாவது கடை.
சீமெந்து, கம்பி, குழாய், பெயின்ற், கக்கூஸ் கோப்பை.
அலை வந்ததற்கு மறுவருடம்
லொறி இறக்க ஆள் போதவில்லை.
வீடு கட்டாதவர் யார் அப்போது?
காசு வைத்திருந்தவர்தான் யார்?
கடன் கொப்பி ஒன்று மூன்றாகி, மூன்று பதினொன்றாகியது.
எழுதியது நான்.
படுவான்கரைக்கு நீலம், எழுவான்கரைக்குச் சிவப்பு.
அங்கே வெள்ளாமை வெட்டினால் காசு வரும்,
இங்கே மீன் பட்டால்.

ஒருநாள் கட்சிக்காரர் வந்தார்கள். சோடா உடைத்தோம்.
எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தக் குடி யார் பக்கம்
என்று அவர்கள் விரல் மடிக்க
முதலாளி பேசாமல்
பதினொரு கொப்பியையும் மேசையில் அடுக்கினார்.

அன்றிரவு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"எல்லாத்தையும் வெட்டு மனே.
பென்சிலால வெட்டு."

விடியும்வரை வெட்டினேன்.
கூரைத்தகடு பதினாறு, வளை ஒன்று:
நானும் மண்டூரில் இருந்து பாதையில் வந்துபோகிறவன்தான்,
எனக்கும் ஒரு பக்கம் இருந்தது.

விருப்பு இலக்கம் ஏழு.
வென்றவர்களில் கடைசி ஆள்,
முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கால்.
அதில் எத்தனை தகடு, எத்தனை கிலோ ஆணி
என்று என்னால் சொல்ல முடியும்.

மறுகா அவர் கௌரவ உறுப்பினர்.
திருகோணமலைக்கு மாதம் இரண்டு தரம்.
வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில்
வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொள்வார்,
வேர்வை சபைக்குத் தெரியக் கூடாதாம்.
ஒருமுறை ஹன்சாட்டை வாசிக்கத் தந்தார்.
'கௌரவ தவிசாளர் அவர்களே, எங்கள் பாலம்' என்று தொடங்கிய பேச்சு
நேரம் முடிந்தது என்ற வரியில் நின்றிருந்தது.

அந்தப் பாலத்துக்குக் கல்லும் நட்டோம்,
பாதை வந்து கட்டும் துறையடியில்.
மேளம், பூரண கும்பம்,
கடையில் இருந்து ஐந்து மூடை சீமெந்து.
வந்த அமைச்சர் மேசன் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு
ஆற்றைப் பார்க்காமலே வாகனம் ஏறினார்.
கல்லில் ரெத்தினம், 'ரத்தினம்' ஆகியிருந்தது.
"பாலம் வரட்டும். எழுத்த மறுகா பாப்பம்."

சபை கலைந்தது.
தேர்தல் இந்தா வருகுது, அந்தா வருகுது.
எதிர்ப்பக்கம் ஏசி போட்ட ஷோறூம் ஒன்று வந்தது,
கடனுக்குக் கார்ட் கேட்கிற கடை.
ஒரு செவ்வாய்க்கிழமை சாரத்தோடு வந்து
லாச்சிக்கு முன்னால் குந்தினார்.
"கொப்பியள எடு. அழிறப்பர் ஒண்டும் கொண்டா."

கோடு அழிய அழியப் பெயர்கள் ஒழும்பி வந்தன.
குஞ்சித்தம்பி. பேச்சிமுத்து. வெல்லாவெளி மாஸ்ரர்.
செத்தவர்கள். கனடாவுக்குப் போனவர்கள்.
நீலக் கொப்பியில் ஓரிடத்தில் றப்பர் ஓடவில்லை.
அழுத்தித் தேய்த்தார். தாள் கிழிந்தது.
பேனைக் கோடு.
என்னுடைய பக்கம்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
தாள் தாளாகத் திருப்பினார், கடைசிவரை.
அங்கே என் கையெழுத்தில், யாரும் வெட்டாமல்:
கல் நடுவிழா, சீமெந்து ஐந்து மூடை.
பொறுப்பு, கௌரவ நல்லரெத்தினம்.

கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.
"இந்தாள் இப்ப எங்க இரிக்கிறார்?" என்றார்.
"ஒருக்கா ஆள் அனுப்பிப் பாரு."