இடமிருந்து மூன்றாவது ஆள்

ரொட்டி வாசம் போகாத ஓர் உறையில் போட்டு
அந்தப் படத்தைக் கொண்டுவந்தார் ஐலர்ட் ஹோவ்டே,
ஃபெர்ரியில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர்.
ட்ரோண்ட்ஹெய்மில் பிப்ரவரி. மூன்று மணிக்கே விளக்கு.
இரண்டு உள்ளங்கைகளால் மூடிவிடலாம்,
அவ்வளவுதான் படம்.
ஏழு சிப்பாய்கள், ஒரு மரவேலி,
வேலிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"எந்தப் படைப்பிரிவு, அதை மட்டும் சொல்லுங்கள்.
பெயர் கிடைத்தால் விலை இரட்டிக்கும்."

மேலே புள்ளி புள்ளியாக இருப்பது பனி என்றார்.
இல்லை, வெடிப்புகை என்றார்
ராணுவக் காட்சியகத்து ஸிக்பியோர்ன்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மெழுகு விரிந்த இடத்தில் அமிலம் கசிந்து
செம்பைக் கடித்த தழும்பு அது.
இருபத்தாறு வருடமாகப் பழைய காகிதம் கழுவுகிறேன்.
போர் எது, கசிவு எது என்று தெரியும்.
சில நாள் தெரியாது.

ஸிக்பியோர்ன் லென்ஸை வைத்துப் பொத்தான்களை எண்ணினார்.
காலரை முறைத்தார். தொப்பியை முறைத்தார்.
பிறகு ஒரே போடாகப் போட்டார்:
"வரைந்தவன் சிப்பாயைக் கண்ணால் கண்டதில்லை.
தோட்டாப் பை வார் இடத்தோளில் ஏறி
வலது இடுப்பில் இறங்க வேண்டும்.
இங்கே எல்லாம் மாறிக் கிடக்கிறது.
அடுப்படியில் உட்கார்ந்து கற்பனை பண்ணியிருக்கிறான்."

ஐலர்ட் முகம் சுருங்கிப்போனது.
அதைப் பார்க்கச் சகியாமல்தான்
கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன்.

கண்டதைக் கண்டபடி தகட்டில் கீறினால்
தாளில் இடம் வலமாகும்.
ரப்பர் முத்திரையின் கதைதான்.
டப்பாக் கண்ணாடியைப் படத்தருகே சாய்த்தேன்.
வார்கள் தோள் மாறின.
பல்வலிக்குத் துணி கட்டிய ஒருவன்,
கோட்டுக் கைக்குள் விரல் தொலைந்த இன்னொருவன்,
எல்லோரும் சட்டப்படி நின்றார்கள்.

ஒருவனைத் தவிர.

மூன்றாவது ஆள். தாளில் அவன் மட்டுமே சரியாக இருந்தான்,
கண்ணாடியில் அவன் மட்டுமே தப்பு.
"கவனக்குறைவு" என்றார் ஸிக்பியோர்ன்.

எனக்கோ போன வாரத்து செல்ஃபி ஞாபகம் வந்தது.
வடக்கே, பார்டுஃபோஸ் முகாமிலிருந்து
என் மகள் டீரில் அனுப்பியது.
புதுச் சீருடை, நெஞ்சில் எங்கள் குடும்பப் பெயர்,
எழுத்தெல்லாம் திரும்பி, படிக்க முடியாமல்.

கண்ணாடி பார்த்து வரைந்ததைத்
தாள் இன்னொரு முறை திருப்பினால்
நேராகிவிடும்.

மற்ற ஆறு பேரைக் கண்ணால் பார்த்திருக்கிறான்.
தன்னைப் பார்க்க அவனுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது,
முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடியாக இருக்கும்.
இடுப்போடு முடிந்துவிடுகிறான் பாருங்கள்.
அதற்குக் கீழே அவசரமாக நாலு கோடு,
பக்கத்தில் நிற்பவனின் கால்களையே கடன் வாங்கியவை.
தரையில் ஆறு நிழல்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.
ஹீட்டர் மட்டும் டக் டக் என்றது.

"நம்மைப் பார்க்கிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்,"
என்றார் ஐலர்ட். "கழிப்பறைக்கு எதிரே மாட்டியிருந்தேன்.
பார்க்கிறானே என்று கதவைச் சாத்திக்கொள்வேன்."

இல்லை. நம்மை அவனுக்குத் தெரியாது.
ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு
கோட்டு தன் முகத்தை என்ன செய்திருக்கிறது என்று
பார்த்துக்கொண்டிருக்கிறான்.
சந்தோஷமா, பயமா, சொல்ல மாட்டேன்.
வாயருகே மெழுகு விரிந்திருக்கிறது.
அங்கேயும் ஏழெட்டுப் புள்ளி.

படைப்பிரிவு தெரியவில்லை.
விலை ஏறாது என்று சொன்னேன்.
உறையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
"இங்கேயே இருக்கட்டும்" என்றார்.
படிக்கட்டில் ஸிக்பியோர்ன் இன்னும்
பொத்தான்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்.

பதிவு அட்டையை எடுத்தேன்.
கலைஞர்: தெரியவில்லை. அடித்தேன்.
கலைஞர்: இடமிருந்து மூன்றாவது ஆள்
என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனவள்
அப்படியே நின்றேன்.
யாருடைய இடம்?