உப்பு எந்தப் பக்கம்

இரவு பன்னிரண்டுக்கு, ரோலர் அறையில்
கலங்களை உடைப்பது என் வேலை.
யாரும் அப்படிச் சொல்வதில்லை,
அரைக்கிறது என்பார்கள். சம்பளச் சிட்டையில்
அதுவும் கிடையாது, வெறும் இலக்கம்.

கொழுந்து பதினெட்டு மணிநேரம் வாட்டில் கிடந்து
பாதித் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு
ஈரத்துணிபோலத் துவண்டு வருகிறது.
அதுவரை ஒவ்வொரு கலத்துக்குள்ளும்
துவர்ப்பு ஓர் அறையில், நொதியம் வேறிடத்தில்,
நடுவே ஒரு மென்சவ்வு.
ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்ததில்லை.
பித்தளைப் பட்டி நாலு சுற்றுச் சுற்ற
சுவர் போய்விடும்.
பச்சை செம்பாகும். அறையெங்கும் அப்பிள் மணக்கும்.
டீமேக்கர் விமலசேன குனிந்து மூக்கை வைத்து
“இன்னும் பத்து நிமிஷம்” என்பார்.

உயர்தரத்தில் உயிரியலுக்கு எனக்கு ஒரு எஸ்.
ஒரு கேள்விக்கு மட்டும் முழுப் புள்ளி:
மென்சவ்வைப் படம் வரைந்து பெயரிடுக.
தண்ணீருக்கு ஆசைப்பட்ட தலைகள் இரு புறமும் வெளியே,
தண்ணீருக்குப் பயந்த வால்கள் உள்ளே,
மாசிப் பனிக்கு ஒரே கம்பளிக்குள்
காலோடு கால் பின்னிக் கிடப்பதுபோல.
பத்தாயிரத்தை அடுக்கினால்
கிட்டத்தட்ட ஒரு கொப்பித் தாள்.
அதில் புரதங்கள் மிதக்கும்,
பெருமழைக்குப் பிறகு காசல்ரீ அணைக்கட்டில்
மரக்கட்டைகள் அலைவதுபோல்,
வைத்த இடத்தில் நில்லாமல்.

ஒட்சிசன் கேளாமல் போகும்.
தண்ணீருக்குத் தனிக் குழாய் உண்டு.
சீனிக்கு ஆள் பிடிக்க வேண்டும்.
சோடியத்தையோ, கூலி கொடுத்து
ஓயாமல் வெளியே தள்ள வேண்டும்;
நிறுத்தினால் கலம் ஊதிச் செத்துப்போகும்.
இதைப் படித்தபோது தோட்டத்து கேட் ஞாபகம் வந்தது.
பிறகு அந்த உவமையை விட்டுவிட்டேன்.
கேட்டில் நிற்பவன் ஆள் பார்த்துத் திறப்பான்.
மென்சவ்வுக்கு யார் மேலும் கோபமில்லை.

மலையிலிருந்து இறங்கிய ஞானமலரின் கணுக்காலில்
ஒருநாள் ஓர் அட்டை, கொழுத்து.
ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன்.
உள்ளிருந்த தண்ணீரெல்லாம் உப்பிருந்த பக்கம் ஓடிவர
அது சுருண்டு விழுந்தது.
“பிரசாரணம்” என்றேன்.
“செத்துருச்சு” என்றாள்.

செவ்வாய் இரவு, ரோலர் சத்தத்துக்குள் போன்.
லிதுஷாவுக்குக் காலையிலிருந்து ஒன்பது தரம் போய்விட்டதாம்.
பதினொரு மாதம்.
வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால்
கிள்ளியபடியே நிற்கிறதாம்.
அழுகிறாள், கண்ணீர் வரவில்லையாம்.
டிக்கோயா ஆஸ்பத்திரி வழியில் மண்சரிவு,
விடியும்வரை வாகனம் ஏறாது.

ஓடிப் போனேன்.
இந்திராணி மிஸ் அதற்குள் வந்து
ஜீவனிப் பக்கெட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில்
கரைத்து வைத்திருந்தார்.
உப்பு. சீனி.
ஒரு கரண்டி. வாந்தி.
பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஒரு கரண்டி.

உப்பைக் கண்டு எனக்குக் கை நடுங்கியது.
அட்டை சுருண்ட விதம் கண்ணில் நின்றது.
பிறகுதான், எஸ் வாங்கிய மூளையின் ஏதோ மூலையில்,
குடற்சுவரின் அந்தக் கதவு:
சீனி தனியே தட்டினால் திறக்காது,
உப்பு தனியே தட்டினாலும் திறக்காது.
இரண்டும் சேர்ந்து வந்தால் சுழன்று உள்ளே விடும்.
மற்ற வழியெல்லாம் பழுதான இரவிலும்
அது பழுதாவதில்லை.
பின்னாலேயே தண்ணீர் போகும்.
அதே உப்புத்தான்.
அட்டைக்கு வெளியே நின்று இழுத்தது
பிள்ளைக்கு உள்ளே போய் நின்று இழுக்கிறது.
தண்ணீர் வேறொன்றும் விசாரிப்பதில்லை.

ஒரு கரண்டி.
ஒரு கரண்டி.
நாலரைக்கு அவள் அழுதபோது கன்னம் நனைந்தது.
ஞானமலர் துடைக்க விடவில்லை.

நான் விட்டுப்போன கொழுந்து காற்றில் கூடுதலாகக் கிடந்து
கறுத்துப் போயிருந்தது.
அரைப்பேர் வெட்டினார்கள்.
கையெழுத்துப் போடும்போது விமலசேன தாழ்ந்த குரலில்
“பிள்ளை மூத்திரம் போனதா?” என்று கேட்டார்.
நனைந்த சாரத்தைக் காட்டினேன்.