இடது ஓரம்

முந்தாநாள் ராத்திரியே தெரிந்துவிட்டது.
உதட்டின் இடது ஓரத்தில்
எறும்பு ஒன்று உட்கார்ந்து யோசிப்பதுபோல.
கண்ணாடிக்கு இன்னும் தெரியாது,
எனக்குத் தெரியும்.

விடிந்தால் கோரிப்பாளையம் சந்திப்பு.
சித்திரை வெயில், இரட்டை ஷிப்ட்,
அழகர் மலையிறங்க நாலு நாள்.
வருஷா வருஷம் அவருக்கு முன்னால்
இது இறங்கிவிடும்,
எந்த மண்டகப்படியிலும் நிற்காமல்
நேராக என் உதட்டுக்கு.

மூன்று கொப்புளம். விசிலை வைத்தால் உயிர் போகிறது.
வலது ஓரமாய் ஊதுகிறேன்,
காற்றுப் பாதி எச்சில் பாதி.
"என்னக்கா, விசிலுக்குச் சளியா?" என்கிறான்
அய்யர்பங்களா ஷேர் ஆட்டோ மொக்கராசு.
சிரிக்க முடியாது. சிரித்தால் வெடிக்கும்.
கோட்டைத் தாண்டி நின்றதற்குச்
சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பல்லி மூத்திரம் என்கிறார் ஏட்டு சவரிமுத்து.
எங்கள் குவார்ட்டர்ஸில் பல்லி உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் பதினோரு வருஷமாய்
ஒரே இடத்தில் குறி தவறாமல் பெய்ய
அது ஆயுதப்படையில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.
டீக்கடையில் வெண்ணெய் என்றார்கள்.
அடுத்த வீட்டு ஜெயக்கொடி மாசிக்காய் இழைத்துத் தந்தாள்;
எரிந்தது. எரிந்தால்தான் கேட்கும் என்றாள்.
ஜிகர்தண்டா குடி, சூடு தணியும் என்று ஒருவர்.
புண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஜிகர்தண்டா நன்றாக இருந்தது.

ஒரு வருஷம் விளாச்சேரிவரை போனேன்,
அக்கி எழுத.
பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தவள்
தூரிகையைக் காதில் செருகிவிட்டு
என் தாடையைத் திருப்பிப் பார்த்தாள்.
"இது அக்கியில்ல தாயி. அதுக்குத் தங்கச்சி.
காவிக்குக் கட்டுப்படாது. காசை உள்ள வை."
நான் எழுந்திருக்கவில்லை.
வெறும் உதட்டோடு திரும்ப என்னமோபோல் இருந்தது.
அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்.
சிங்கம் வரைய அங்கே இடமில்லை,
வாலை மட்டும் வரைந்து அனுப்பினாள்.
மறுநாள் அந்தக் காவி வாலோடு
கையைத் தூக்கினேன்.
நின்றது. போக்குவரத்து மட்டும்.

பெரியாஸ்பத்திரித் தோல் டாக்டர்
தலை நிமிராமல் எழுதினார்.
குறுகுறுத்ததுமே களிம்பு, நாளைக்கு ஐந்து வேளை.
கொப்புளித்த பிறகென்றால் பாதிப் பலன்தான்.
வெயிலில் நிற்காதீர்கள், என்றார்.
நான் குனிந்து என் யூனிஃபார்மைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
இது சாகாது; காதோரம் ஒரு நரம்பு முடிச்சில்
படுத்துக் கிடக்கும், நாம் அசந்தால் எழுந்து வரும்.
டம்ளர் தனி, துண்டு தனி.
கைக்குழந்தைக்கு முத்தம் கூடவே கூடாது.

அந்தக் கடைசி வரி இதுவரை
எனக்குத் தேவைப்படவில்லை.

திருமங்கலத்தில் பாண்டிச்செல்விக்குப் பிறந்து பதினெட்டு நாள்.
கெஞ்சி வாங்கிய மூன்று மணி நேரம்.
கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.
முகக்கவசத்தோடு நிலைப்படியிலேயே நின்றேன்.
"போலீஸ் பெரியம்மா வந்துட்டாங்க பாரு" என்று
அவள் பிள்ளையை நீட்டினாள்.
கையைக் காட்டினேன்.
தினமும் நாலு ரோட்டுக்கும் காட்டுகிற அதே கை.
அவள் முகம் விழுந்துவிட்டது.
வாயைத் தொட்டுக் காட்டினேன்.
"பல்லியா?" என்றாள்.
விளக்கிச் சொல்லத் தொடங்கினால்
ராத்திரி டூட்டிக்குப் போக முடியாது.
"ஆமா. பிள்ளைக்கு ஆகாது" என்றேன்.

துணிக்கு வெளியே ஒரு பாதம்,
என் கட்டைவிரல் நீளம்.
கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.
உதைத்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
ட்யூபைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கினால்
ஒரு கடுகளவு வந்தது.
நாலாவது வேளை.